குறைவு என்னும் சொல்லும் சத்து மாத்திரையும்

மருந்துக் கடையில் குழந்தைகளுக்கான ஒமேகா-3 புட்டி ஒன்றைக் கையில் எடுத்தால், முகப்பில் பெரும்பாலும் மூளையின் படம் இருக்கும். பக்கத்தில் துள்ளும் மீன். ‘ஞாபக சக்தி’, ‘கவனம்’ என்ற சொற்கள் பெரிய எழுத்தில் இருக்கும். புட்டியைத் திருப்பினால் வேறொரு வாசகம் தென்படும்: மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அன்று. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் ஊட்டச்சத்துத் துணைப்பொருள்களுக்கென 2016இல் வகுத்த ஒழுங்குமுறைகள் இந்த எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. புட்டியின் முகம் தரும் வாக்கை அதன் முதுகு திரும்பப் பெற்றுக்கொள்கிறது.

பள்ளியிலிருந்து “உங்கள் பையன் ஓரிடத்தில் உட்காருவதில்லை, கவனமே இல்லை” என்ற புகாரோடு திரும்பும் பெற்றோர் இந்த இரு பக்கங்களுக்கும் நடுவில்தான் நிற்கிறார்கள். அவர்களுடைய கேள்வி எளியது: சத்து மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமா? இதற்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரே சொல்லில் விடை தருவோர் இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாக்கிவிடுகிறார்கள் என்பது இக்கட்டுரையின் வாதம். குழந்தையின் உடலில் ஒரு சத்து குறைந்திருக்கிறதா என்பது ஒரு கேள்வி. குறைவில்லாத குழந்தைக்கு அதே சத்தைக் கூடுதலாகக் கொடுத்தால் கவனம் கூடுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஆய்வகத்தில் விடை உண்டு. இரண்டாவதற்கு ஐம்பது ஆண்டுகளாக விடை தேடி வருகிறார்கள்.

1. சொல்லில் இருக்கும் சிக்கல்

ஏ.டி.எச்.டி. என்று சுருக்கமாகக் குறிக்கப்படும் நிலையைத் தமிழில் ‘கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு’ என்கிறோம். பெயரிலேயே ‘குறைவு’ ஒரு முறையும் ‘குறைபாடு’ ஒரு முறையும் வந்துவிடுகின்றன. குறைந்ததை நிரப்பலாம் என்பது நம் மொழியில் ஊறிய எண்ணம். சோர்வு, முடி கொட்டுதல், படிப்பில் மந்தம் என எதற்கும் ‘சத்துக் குறைவு’ என்ற விளக்கம் நம் வீடுகளில் தயாராக இருக்கிறது. ‘கவனக்குறைவு’ என்ற சொல் ‘சத்துக்குறைவு’ என்ற சொல்லின் அருகில் போய் உட்கார்ந்ததும், ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என்ற முடிவு தானாகவே வந்துவிடுகிறது.

ஆனால் இக்குழந்தைகளிடம் கவனம் அளவில் குறைந்திருப்பதாகச் சொல்வது பொருந்தாது. கணக்குப் புத்தகத்தின் முன் ஐந்து நிமிடம் தரிக்காத பிள்ளை, பிடித்த விளையாட்டில் இரண்டு மணி நேரம் அசையாமல் மூழ்கியிருப்பதைப் பெற்றோர் அனைவரும் கண்டிருப்பார்கள். வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்துக்குக் கவனத்தைச் செலுத்தவும், வேண்டாதபோது திருப்பவும் உதவும் நெறிப்படுத்தலில்தான் இடர்ப்பாடு. இதில் மரபணுவின் பங்கு பெரிது என்பதை இரட்டையர் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. டோபமின், நார்எபிநெஃப்ரின் என்னும் நரம்புக் கடத்திகளின் இயக்கமும் இதில் தொடர்புடையது.

இந்நிலையை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். ஆறு மாதமேனும் நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி போன்ற இரண்டு சூழல்களிலாவது தெரிய வேண்டும். ஆக, நோயறிதல் பெரியவர்களின் பார்வையைச் சார்ந்தே நிற்கிறது. உலக அளவில் இதன் பரவல் சுமார் 5 விழுக்காடு என்று 2007இல் வெளியான தொகுப்பாய்வு மதிப்பிட்டது. கோயம்புத்தூரில் 770 தொடக்கப்பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வோ 11.32 விழுக்காடு என்றது. யார், எந்தக் கருவியால், எங்கே பார்க்கிறார்கள் என்பதற்கேற்ப எண் மாறும். ‘யார் பார்க்கிறார்கள்?’ என்ற இக்கேள்வி, சத்து மாத்திரை ஆய்வுகள் அனைத்திலும் நம்மைத் தொடர்ந்து வரப்போகிறது.

2. ஒரு நம்பிக்கையின் வரலாறு

மனத்தின் கோளாறுகளைச் சத்துகளால் சரிசெய்யலாம் என்ற கருத்துக்கு நவீன அறிவியலின் மதிப்பைப் பெற்றுத் தந்தவர் லைனஸ் பாலிங். வேதியியலுக்கும் அமைதிக்கும் நோபல் பரிசு பெற்ற அவர், மூளையில் ஒவ்வொரு சத்தும் தகுந்த செறிவில் இருந்தால் மனநோய்கள் தணியும் என்று 1968இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார். அந்த வழியில், கவனச் சிதறலுள்ள குழந்தைகளுக்குப் பேரளவு வைட்டமின்கள் கொடுக்கப்பட்டன. அதைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு 1984இல் வெளியானது. 41 குழந்தைகள் பங்கேற்ற அதில், பேரளவு வைட்டமினால் நடத்தையில் பயன் எதுவும் உறுதிப்படவில்லை. 42 விழுக்காட்டுக் குழந்தைகளிடம் கல்லீரல் நொதிகள் உயர்ந்திருந்தன. ‘சத்துதானே, கெடுதல் ஒன்றுமில்லை’ என்ற வாதம் அன்றே உடைந்துவிட்டது. ஆயினும் நம் காதில் அது இன்னும் புதிதாகவே ஒலிக்கிறது.

இன்னொரு தடம் எதிர்த்திசையில் சென்றது. சான் பிரான்சிஸ்கோவின் ஒவ்வாமை மருத்துவர் பெஞ்சமின் ஃபைங்கோல்ட், 1970களில் செயற்கை நிறங்களையும் சுவையூட்டிகளையும் உணவிலிருந்து நீக்கச் சொன்னார். பத்தாண்டுகளுக்குள் வெளிவந்த தொகுப்பாய்வுகள் அதன் பயன் மிகச் சிறிது என்றன. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் குழு, பொது மக்களிடையிலிருந்து தேர்ந்த மூன்று வயதுக் குழந்தைகள் 153 பேரையும் எட்டு, ஒன்பது வயதினர் 144 பேரையும் ஆராய்ந்தது. நிறக் கலவையும் சோடியம் பென்சோவேட்டும் கலந்த பானம் மிகையியக்கத்தைச் சிறிதளவு கூட்டுவதாக அது கண்டது. இதன் விளைவாக 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ உள்ளிட்ட ஆறு நிறங்கள் சேர்ந்த உணவுகளில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமாயிற்று. கவனத்துக்கென்று வாங்கும் டானிக்கின் பளிச்சென்ற நிறம் எதனால் வந்தது என்று வாசித்துப் பார்ப்பது நல்லது.

இவ்விரண்டையும்விட இக்கட்டுரைக்கு முக்கியமானது 1994இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று. சர்க்கரை சாப்பிட்டால் தம் மகன் கட்டுக்கடங்காமல் ஆடுவான் என்று நம்பிய தாய்மாரும், அவர்களுடைய 5 முதல் 7 வயதுச் சிறுவர்களும் அதில் பங்கேற்றனர். எல்லாச் சிறுவர்களுக்கும் சர்க்கரையே இல்லாத பானம்தான் தரப்பட்டது. ஆனால் பாதித் தாய்மாரிடம், “உங்கள் பிள்ளைக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்” என்று சொல்லப்பட்டது. அந்தத் தாய்மார் தம் பிள்ளைகள் கூடுதலாக ஆடியதாக மதிப்பிட்டனர். அவர்கள் பிள்ளையை நெருங்கியே நின்றனர். அதிகம் குறை சொன்னார்கள். எதிர்பார்ப்பு பெற்றோரின் கண்ணை மட்டுமன்றி அவர்களின் நடத்தையையும் மாற்றியிருந்தது. மாத்திரை கொடுத்தபின் ‘கொஞ்சம் பரவாயில்லை’ என்று தோன்றுவதை எடைபோடும்போது இந்த ஆய்வை மறந்துவிடலாகாது.

3. மீன் எண்ணெய்: அதிகம் ஆராயப்பட்ட சத்து

மூளையின் செல் சவ்வுகளில் டி.எச்.ஏ. என்னும் ஒமேகா-3 கொழுப்பு அமிலம் செறிந்திருக்கிறது. ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளின் இரத்தத்தில் ஒமேகா-3 அளவு சராசரியாகக் குறைவு என்று பல ஆய்வுகள் கண்டன. ஆகவே மீன் எண்ணெய் தரலாம் என்ற கருத்துக்கு அடிப்படை இல்லாமலில்லை.

2005இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு-டரம் ஆய்வு இந்த நம்பிக்கையைப் பரவலாக்கியது. அதில் 117 குழந்தைகளுக்கு மூன்று மாதம் ஒமேகா-3, ஒமேகா-6 கலவையோ போலி மாத்திரையோ தரப்பட்டது. வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் நடத்தையிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அக்குழந்தைகள் உடல் இயக்க ஒருங்கிணைவுக் கோளாறுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். இயக்கத் திறனிலோ மாற்றம் இல்லை. ஆய்வு வெளியான மறு ஆண்டே டரம் மாவட்ட நிர்வாகம், பொதுத் தேர்வெழுதவிருந்த ஐயாயிரம் மாணவர்களுக்கு மீன் எண்ணெய் மாத்திரை தரும் திட்டத்தை அறிவித்தது. ஒப்பீட்டுக் குழு இல்லை. போலி மாத்திரை இல்லை. பலர் நடுவிலேயே நிறுத்திவிட்டனர். மருத்துவ எழுத்தாளர் பென் கோல்டேக்கர் உள்ளிட்டோர் இதைக் கடுமையாக விமர்சித்தனர். அந்த மாத்திரைகளிலிருந்து அறிவியல் கற்றுக்கொண்டது அநேகமாக ஒன்றுமில்லை.

ஒழுங்காக நடந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2011இல் பத்து ஆய்வுகளையும் 699 குழந்தைகளையும் தொகுத்துப் பார்த்தபோது சிறிய, ஆனால் மெய்யான பயன் தெரிந்தது. இ.பி.ஏ. என்னும் ஒமேகா-3 வகை அதிகமாக இருந்தபோது பயனும் சற்றுக் கூடியது. ஏ.டி.எச்.டி.க்குத் தரப்படும் ஊக்கி மருந்துகளின் பயனோடு ஒப்பிட்டால் அது மிகச் சொற்பம். 2013இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு, எந்த மாத்திரை என்று அறிந்திருக்க வாய்ப்பில்லாதவர்களின் மதிப்பீடுகளை மட்டும் பிரித்தெடுத்தது. அப்போது பயன் மேலும் சுருங்கியது. ஆனால் முற்றிலும் மறையவில்லை. மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் 2023இல் புதுப்பிக்கப்பட்ட மதிப்பாய்வு 37 ஆய்வுகளைத் தொகுத்தது. பெற்றோர் மதிப்பிட்ட கவனச் சிதறலிலும் மிகையியக்கத்திலும் போலி மாத்திரைக்கும் இதற்கும் வேறுபாடில்லை என்பதற்கு உறுதியான சான்று இருப்பதாக அது கூறியது. சில குழந்தைகளிடம் முன்னேற்றம் இருக்கலாம் என்பதற்கான சான்றையோ வலுவற்றது என்றது.

ஆக்ஸ்ஃபோர்டுக் குழுவினரே செய்த இன்னொரு முயற்சி நேர்மைக்கு நல்ல எடுத்துக்காட்டு. வாசிப்பில் பின்தங்கிய 362 குழந்தைகளுக்கு 600 மில்லிகிராம் டி.எச்.ஏ. கொடுத்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். மிகவும் பின்தங்கியோரிடம் வாசிப்பு மேம்பட்டதாகவும், நடத்தை சீரானதாகப் பெற்றோர் கூறியதாகவும் தெரிவித்தனர். ஆசிரியர்கள் அப்படிக் கூறவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து வேறு 376 குழந்தைகளிடம் அதே சோதனையை மீண்டும் செய்தபோது பயன் எதுவும் கிட்டவில்லை. அதையும் வெளியிட்டார்கள். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2018இல் தந்த வழிகாட்டுதல் தெளிவானது: ஏ.டி.எச்.டி.க்கான சிகிச்சையாகக் கொழுப்பு அமில மாத்திரைகளைப் பரிந்துரைக்க வேண்டாம். சமச்சீர் உணவையும் உடற்பயிற்சியையும் வலியுறுத்துங்கள்.

மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மலிவான மீன்களில் இந்த அமிலங்கள் நிறைய உண்டு. வாரம் இரு முறை மீன் குழம்பு வைக்கும் வீட்டில் புட்டி எதைக் கூட்டப்போகிறது என்பது கேட்கத்தக்க கேள்வி. மீனே உண்ணாத வீட்டில் நிலைமை வேறு. ஆளிவிதையிலும் வால்நட்டிலும் உள்ள தாவர ஒமேகா-3, உடலில் சிறிதளவே இ.பி.ஏ., டி.எச்.ஏ. ஆக மாறுகிறது.

4. இரும்பும் துத்தநாகமும்: குறைவு மெய்யானால்

டோபமின் உருவாக்கத்தில் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி இன்றியமையாதது. அந்த நொதி இயங்க இரும்பு வேண்டும். எனவே இரும்புக்கும் கவனத்துக்கும் இடையில் உயிரியல் பாலம் ஒன்று இருக்கிறது. பிரான்சில் 2004இல் எரிக் கொனோஃபால் குழுவினர், ஏ.டி.எச்.டி. உள்ள 53 குழந்தைகளையும் இல்லாத 27 குழந்தைகளையும் ஒப்பிட்டனர். இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், முதல் குழுவில் மில்லிலிட்டருக்குச் சராசரியாக 23 நானோகிராம், இரண்டாவதில் 44. இரத்தசோகை இல்லாத, ஆனால் ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருந்த 23 குழந்தைகளுக்கு 12 வாரம் இரும்பு மாத்திரையோ போலி மாத்திரையோ கொடுத்து 2008இல் மற்றோர் ஆய்வை வெளியிட்டார்கள். இரும்பு பெற்ற குழந்தைகளிடம் ஓர் அளவுகோலில் முன்னேற்றம் தெரிந்தது. பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பிய இன்னொரு அளவுகோலில் அது உறுதிப்படவில்லை. போலி மாத்திரை பெற்றவர்கள் ஐவர் மட்டுமே. இத்தகைய சிறு ஆய்வைக் கொண்டு பொது விதி வகுக்க முடியாது. ஃபெரிட்டினுக்கும் அறிகுறிகளுக்கும் தொடர்பில்லை என்று கண்ட ஆய்வுகளும் உண்டு.

எங்கே ‘குறைவு’ தொடங்குகிறது என்பதும் விவாதத்துக்குரியது. ஐந்து வயதுக்கு மேற்பட்டோருக்கு ஃபெரிட்டின் 15க்குக் கீழே போனால் குறைபாடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொனோஃபால் எடுத்துக்கொண்ட எல்லை 30. இடைப்பட்ட குழந்தையைக் குறைபாடுள்ளவராகக் கருதுவதா என்பது மருத்துவரின் தீர்ப்பு. போதாததற்கு, காய்ச்சலோ கிருமித்தொற்றோ இருந்தால் ஃபெரிட்டின் உயர்ந்து குறைபாட்டை மறைத்துவிடும்.

இந்தியச் சூழலில் இது ஏட்டளவிலான பிரச்சினை அன்று. 2016–18இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, 5 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 24 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. 17 விழுக்காட்டினருக்கு இரும்புக் குறைபாடு. 17 விழுக்காட்டினருக்குத் துத்தநாகக் குறைபாடு. இரத்தசோகை எல்லாம் இரும்புக் குறைவால் வருவதன்று என்பதும் இவ்வெண்களிலேயே தெரிகிறது. இரத்தசோகை இல்லாத பாரதம் திட்டத்தின்கீழ் இந்த வயதினருக்கு வாரம் ஒரு முறை 45 மில்லிகிராம் இரும்பும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட இளஞ்சிவப்பு மாத்திரை வழங்கப்படுகிறது. பிள்ளை பள்ளியில் அதை விழுங்குகிறதா, ஜன்னலுக்கு வெளியே எறிகிறதா என்று விசாரித்துவிட்டு வீட்டில் டானிக் தொடங்குவது முறை. இரும்பு மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கும் சிறு குழந்தைக்கு உயிருக்கே ஆபத்து நேரும் என்பதால், புட்டி கைக்கெட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

துத்தநாகத்தின் கதையும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. துருக்கியில் 400 குழந்தைகளிடம் நடந்த 2004ஆம் ஆண்டு ஆய்வு, மிகையியக்கமும் அவசர நடத்தையும் குறைந்ததாகக் கண்டது; கவனம் மேம்படவில்லை. இடையில் விலகியோரும் பலர். 2011இல் அமெரிக்காவில் 52 குழந்தைகளிடம் நாளொன்றுக்கு ஒரு முறையோ இரு முறையோ 15 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்ததில் போலி மாத்திரையைவிடப் பயன் தெரியவில்லை. துத்தநாகக் குறைபாடு பரவலாக உள்ள நாட்டின் முடிவு அது குறைவாக உள்ள நாட்டுக்குப் பொருந்தாமல் போவது இயல்பு என்பது ஒரு விளக்கம். நீண்ட காலம் அளவு மீறித் துத்தநாகம் கொடுத்தால் செம்பு உறிஞ்சப்படுவது குறையும். ஒரு குறையை நிரப்பப் போய் இன்னொன்றைத் தோண்டிவிடலாம்.

5. எல்லாச் சத்தும் ஒன்றாக

ஒற்றைச் சத்து பயன் தராதது வியப்பில்லை, சத்துகள் கூட்டாகவே இயங்குகின்றன என்பது நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழக உளவியலாளர் ஜூலியா ரக்லிட்ஜின் வாதம். அவர் குழு 93 குழந்தைகளிடம் பத்து வாரம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், வைட்டமினும் தாதும் சேர்ந்த பல்சத்து பெற்றவர்களில் 47 விழுக்காட்டினர் நன்கு முன்னேறியதாக மருத்துவக் குழு மதிப்பிட்டது. போலி மாத்திரைக் குழுவில் அது 28 விழுக்காடு. 2022இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வில் இடைவெளி இன்னும் பெரிது: 54க்கு 18. ஆனால் அதே ஆய்வில் பெற்றோர் நிரப்பிய அளவுகோலில் இரு குழுக்களும் ஒரேயளவு முன்னேறியிருந்தன.

இம்முரணை இரு விதமாக வாசிக்கலாம். எதிர்பார்ப்பால் இரு குழுப் பெற்றோரும் முன்னேற்றத்தைக் கண்டுவிட, உண்மையான வேறுபாடு அதில் மூழ்கியிருக்கலாம். அல்லது, மருத்துவரின் ஒட்டுமொத்த மதிப்பீடு எரிச்சல், கோபம் போன்றவற்றின் தணிவையும் சேர்த்தே பார்ப்பதால், கவனம் என்று நாம் தேடுவது அதில் சரியாக அளக்கப்படாமல் இருக்கலாம். எனக்கு இரண்டாவது வாசிப்பு கூடுதல் பொருத்தமாகப் படுகிறது. பல்சத்து ஆய்வுகளை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அவை கடையில் கிடைக்கும் மல்டிவைட்டமின் சொட்டு மருந்துக்கு அளித்த சான்றிதழும் அல்ல. ஆய்வில் குழந்தைகள் நாளொன்றுக்குப் பன்னிரண்டு வரை மாத்திரைகளை மருத்துவக் கண்காணிப்பில் விழுங்கினார்கள்.

6. வல்லாரையா, நீர்ப்பிரமியா?

நம் ஊரில் இப்பேச்சு வல்லாரையைத் தொடாமல் முடியாது. இங்கே முதல் சிக்கல் பெயரில் இருக்கிறது. ‘பிராமி’ என்ற பெயரில் சில இடங்களில் வல்லாரையும் சில இடங்களில் நீர்ப்பிரமியும் விற்கப்படுகின்றன. தாவரவியலில் இவை வெவ்வேறு குடும்பங்கள். நீர்ப்பிரமிச் சாற்றை ஆஸ்திரேலியாவில் 6 முதல் 14 வயதுச் சிறுவர்கள் 112 பேருக்கு 14 வாரம் கொடுத்துச் சோதித்தார்கள். 2022இல் வெளியான முடிவின்படி, கவனச் சிதறல், மிகையியக்க அறிகுறிகளில் போலி மாத்திரையை அது விஞ்சவில்லை. சில அறிதிறன் சோதனைகளில் மட்டும் சிறு முன்னேற்றம் தெரிந்தது. வல்லாரைத் துவையல் நல்ல கீரை உணவு. அதைச் சாப்பிட இந்த ஆய்வின் அனுமதி தேவையில்லை. மாத்திரையாக்கி விலை வைக்கும்போது தேவை.

தூய்மை பற்றிய கவலை இன்னும் பெரிது. பாஸ்டன் நகரைச் சுற்றியுள்ள கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றேனும் இருந்தது. அதே பாஸ்டனின் புறநகர்ப் பள்ளிகளில்தான் ஹெர்பர்ட் நீடில்மன் குழந்தைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து, பல்லில் ஈயம் கூடக் கூட வகுப்பில் கவனச் சிதறலும் கூடுகிறது என்று 1979இல் நிறுவினார். கவனத்துக்காக வாங்கிய பொடியில் கவனத்தைக் கெடுக்கும் உலோகம் இருக்கக்கூடும் என்பதை இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்து வாசித்தால் உணரலாம்.

7. வரிசை மாறாமல்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில் மதிப்பீடு. பார்வை, செவித்திறன், குறட்டையோடு கூடிய கெட்ட தூக்கம், கற்றல் குறைபாடு, சில நொடி நினைவு தப்பும் வலிப்பு ஆகிய எல்லாமே கவனக்குறைவின் வேடத்தில் வரக்கூடியவை. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளின் குழந்தை நலப் பிரிவிலும் இதைத் தொடங்கலாம். அடுத்து, உணவுக் கணக்கும் இரத்தப் பரிசோதனையும். குறைபாடு தெரிந்தால் அதற்கு மருத்துவர் சொல்லும் அளவில் சிகிச்சை தர வேண்டும். அதைக் கவனத்துக்காகச் செய்வதாக எண்ண வேண்டியதில்லை. இரும்பு குறைந்த குழந்தைக்கு இரும்பு கொடுக்க வேறு காரணம் வேண்டாம்.

குறைபாடு இல்லாதபோதும் மீன் எண்ணெயை முயன்று பார்க்க விரும்பும் பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதை ஒரு சோதனையாகவே நடத்த வேண்டும்: ஒரே நேரத்தில் ஒரே மாற்றம், தொடங்குமுன் எதில் மாற்றம் எதிர்பார்க்கிறோம் என்று எழுதிவைத்தல், ஆசிரியரிடம் மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் வாரந்தோறும் கேட்டறிதல், பன்னிரண்டு வாரத்தில் நிறுத்தும் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுதல். மருத்துவர் தந்த மருந்தை இதற்காக நிறுத்தக் கூடாது. பயன் நிறுவப்பட்ட வழிகள் இருக்கின்றன. 1999இல் முடிவு வெளியான அமெரிக்க எம்.டி.ஏ. ஆய்வில் 579 குழந்தைகளை 14 மாதம் பின்தொடர்ந்தபோது, கவனமாக நெறிப்படுத்திய மருந்துச் சிகிச்சை, நடத்தைச் சிகிச்சை மட்டும் தந்த பயனையும் வழக்கமான சிகிச்சையின் பயனையும் விஞ்சியது. ஆறு வயதுக்குட்பட்டோருக்கு முதலில் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியே பரிந்துரைக்கப்படுகிறது. புட்டிகளின் மெய்யான விலை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது: ஒன்று முடிந்து அடுத்தது என்று மாற்றிக்கொண்டே போகும் காலத்தில் இந்த வழிகள் தள்ளிப்போகின்றன; பிள்ளையோ இரண்டு வகுப்புகள் கடந்துவிடுகிறது.

முடிவுரை

சத்துக் குறைவு மெய்யாக இருக்கும் இடத்தில் சத்து அந்தக் குறைவை நிரப்புகிறது, கவனத்துக்கும் உதவக்கூடும்; இல்லாத இடத்தில் அதன் பயன் சிறிது, உறுதியற்றது, பார்ப்பவரைப் பொறுத்து மாறுவது. இதுவரையிலான சான்றுகளின் திரண்ட பொருள் இதுவே. இரண்டையும் ஒன்றெனக் காட்டும் சந்தைக்கு நம் மொழியின் ‘குறைவு’ என்ற சொல்லும் தெரியாமல் துணைபோகிறது. சர்க்கரை ஆய்வில் தாய்மாரின் பார்வையை மாற்றியது காதில் விழுந்த ஒரு வாக்கியம். நம் பெற்றோரின் காதில் விழும் வாக்கியம் ‘உங்கள் பிள்ளையிடம் ஏதோ குறைகிறது’ என்பது. எது குறைகிறது, யார் அளந்தார்கள், எதை வைத்து அளந்தார்கள் என்று திருப்பிக் கேட்ட பிறகு புட்டியைத் திறப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கலாம்.